ஹாரிமன் யுக்கா காய்கறியான விவரம்

கெம்னிட்ஸ்,
ஜூலை 2, வியாழன்

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் வின்ஃப்ரீட்டுக்கு,

எகோன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா ஹில்ட்ரூட், என் இரண்டு முழங்கால்கள் எல்லோரும் அவரவர் வயதுக்கேற்ற சௌகரியத்தோடு இருக்கிறோம். அங்கே மாக்டபுர்க்கில் நீயும் உன் வீட்டாரும் உன் தோட்டத்து யுக்காச் செடிகளும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் சாகவில்லை. ஆறு வருஷம் கழித்து எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அடுத்து நினைத்திருப்பாய், அது சரி. காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. உன் ஹாரிமன் யுக்காவின் மகரந்தம் எனக்கு வேண்டும். ஒரு சிட்டிகை போதும். உடனே வேண்டும்.

ஆமாம், உன் "ஹாரிமன்" யுக்கா என்றுதான் எழுதியிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்துக்கொள். அதைப் பற்றி ஆறாவது தாளில் வருகிறேன், அவசரப்பட்டு அங்கே தாவாதே, முப்பத்தெட்டு வருஷம் டிராம்களுக்கு அட்டவணை போட்டவன் நான், எது எப்போது வர வேண்டுமோ அப்போது வரும்.

விஷயம் என்னவென்றால், என் செடி பூத்துவிட்டது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் மொராவியாக்காரர் ஒருவர் கண்காட்சியில் நம் இருவருக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கொடுத்தாரே, பத்து ஹாரிமன் விதை, ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொண்டோமே, அதிலிருந்து எனக்கு மிஞ்சிய ஒரே செடி. நட்ட மூன்றாம் குளிர்காலத்தில் மைனஸ் பத்தொன்பது போயிற்று, என் காரின் பேட்டரி செத்தது, பக்கத்து வீட்டுக் குழாய் வெடித்தது, இது மட்டும் ஒரு இலை கருகாமல் நின்றது. கத்தி கத்தியாக இலை விடுகிற பாலைவனச் செடி, குளிரால் இது சாகாது, ஈரத்தால்தான் சாகும் என்பது உனக்குத் தெரியும், ஆனால் எனக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் எங்கள் "அந்தி அமைதி" தோட்டச் சங்கத்துக்குத் தெரியாது. மழை படாமல் இருக்கட்டுமென்று பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை நாலு குச்சியின்மேல் வைத்தேன். மறுநாளே சங்கத் தலைவர் க்ரும்பீகல் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "ட்ரெக்ஸ்லர் சார், இது கூரைதானே?" என்றார். "செடிக்குங்க," என்றேன். "யாருக்கா இருந்தா என்ன? கூரை இருந்தா அது கட்டடம். கட்டடம்னா வரைபடம் குடுங்க." வரைபடம் போட்டேன் மச்சான், ஒன்றுக்குப் பத்து அளவில், நான்கு பக்கத் தோற்றத்தோடு, குடியிருப்பவர் என்ற இடத்தில் யுக்கா என்று எழுதினேன். அனுமதி ஏப்ரல் கடைசியில் வந்தது, அதற்குள் மழைக்காலம் போய் டூலிப் பூத்து உதிர்ந்துவிட்டது. அடுத்த குளிருக்குப் புதுப்பிக்க வேண்டுமாம். பதினோரு முறை புதுப்பித்திருக்கிறேன்.

போன மே மாதம் ஒருநாள் காலை காப்பியோடு போய்ப் பார்க்கிறேன், நடுக்குருத்திலிருந்து சிவப்பாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. பூத்தண்டு! அன்று நான் ஹில்ட்ரூடைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் கை குலுக்கினேன், அவ்வளவுதான். நாலு வாரத்தில் முட்டிவரை வளர்ந்து முப்பத்தேழு மொட்டு விட்டது. எண்ணிப் பார்த்தேன், காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். இதிலிருந்து விதை எடுத்துவிட்டால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று இருந்தேன். எழுபத்தொன்று ஆகிறது, இன்னொரு பதினாலு வருஷம் காத்திருக்கும் யோகம் எனக்கு இல்லை.

சரியாக அந்த வாரத்தில்தானா சங்கம் வருஷம் ஒருமுறை பார்வையிடும் நாள் வந்து தொலைக்க வேண்டும்! க்ரும்பீகல் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்னால் வர, செயலாளர் பெட்ஸோல்ட் அம்மா அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு பின்னால் வர, இரண்டு பேரும் என் நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காய்கறியோ பழமோ இருக்க வேண்டும் என்கிற விதி உனக்கும் உன் சங்கத்தில் இருக்குமே. என்னிடம் உருளைக்கிழங்குப் பாத்தி மூன்று இருந்தது, அதை எடுத்துவிட்டுத்தான் யுக்காக்களுக்குச் சரளை கொட்டியிருந்தேன், இரண்டு டன். மிச்சம் இருந்தது ஒரு வரிசை முள்ளங்கியும் ஹில்ட்ரூடின் வெங்காயத்தாளும். "பதினோரு சதவீதம்," என்று பெட்ஸோல்ட் அம்மா வாசித்தாள், ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதுபோலத் தணிந்த குரலில். "இன்னும் இருபத்திரண்டே கால் குறையுது. ஆறு வாரத்துக்குள்ள சரிபண்ணலைன்னா குத்தகை ரத்து. என்னால ஒண்ணும் செய்ய முடியாது சார், நான் எழுதறவ மட்டும்தான்." சரளையைத் தோண்டி எடுத்தால் யுக்கா செத்துவிடும், எடுக்காவிட்டால் தோட்டமே போய்விடும், தோட்டம் போனாலும் யுக்கா போய்விடும். 

அப்போதுதான் மச்சான் எனக்கு அந்த அறிவு வந்தது, வராமலே இருந்திருக்கலாம். யுக்காவின் பூ சாப்பிடத் தகுந்தது என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இருக்கிறதே! அமெரிக்காவில் பூர்வகுடிகள் காலங்காலமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிடுகிற பூவை விளைவிக்கிற செடி காய்கறி இல்லாமல் வேறென்ன? காலிஃப்ளவர் என்ன, ரோஜாவா? ஏழு இணைப்புகளோடு பதினாறு பக்க மனு எழுதினேன். ஆகவே என் யுக்காப் பாத்தி முழுவதும் காய்கறிப் பாத்தியே, என் காய்கறிப் பங்கு முப்பத்தாறு சதவீதம், விதிக்கு மேலேயே இரண்டே முக்கால் அதிகம் என்று முடித்தேன். அனுப்பிவிட்டு ஒரு பீர் குடித்தேன். "இதுக்கு மூணு வரிசை பீன்ஸ் போட்டிருக்கலாமே எகோன்," என்றாள் உன் அக்கா. இவளுக்குக் கொள்கை என்றால் என்னவென்று தெரியாது.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். சங்க விதியின்படி காய்கறி என்பது உண்பதற்காகப் பயிரிடப்பட்டு "உண்ணப்படுவது". விண்ணப்பதாரர் பயிரிட்டதை நிரூபித்துள்ளார், உண்ணப்படுவதை இன்னும் நிரூபிக்கவில்லை. ஆகவே ஜூன் 27 சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மதிய அமைதி நேரம் தொடங்குவதற்குள், செயற்குழு ஐவரும் நேரில் வந்து உண்டு பார்ப்பார்கள். பெட்ஸோல்ட் அம்மா பேனாவால் கீழே சேர்த்திருந்தாள்: தலைக்கு நான்கு பூ, ருசிக்கு ஒன்று, முடிவெடுக்க மூன்று.

ஐந்து பேருக்கு இருபது, வீட்டுக்காரர்கள் சாப்பிடாமல் விருந்தாளிக்கு மட்டும் வைத்தால் விஷம் என்று நினைப்பார்கள், ஆகவே எனக்கும் ஹில்ட்ரூடுக்கும் மூன்று மூன்று. இருபத்தாறு! பதினாலு வருஷம் கண்ணாடிக் கூரை போட்டுக் காத்த முப்பத்தேழு பூவில் இருபத்தாறைப் பறித்து க்ரும்பீகல் வாயில் போடுவதா? அந்த மனுஷன் கடுகு தடவாமல் எதையும் தின்னமாட்டார். நான் போய்ச் செடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. கண் எரிந்தது.

இதற்கு மேல் எழுதுவதைப் படித்ததும் எரித்துவிடு. இங்கே பஸ் டிப்போ பக்கத்து ரவுண்டானாவில் நகராட்சி வைத்த சாதாரண யுக்கா ஒரு கூட்டம் இருக்கிறது, நூல் தொங்குகிற இலை, எந்தக் கல்லறையிலும் பார்க்கலாம், தார்ச் சூட்டில் அது முந்திப் பூத்துவிடும். சனிக்கிழமை விடிந்ததும் ஹில்ட்ரூடின் சமையலறைக் கத்தரிக்கோலையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது பூ வெட்டியிருப்பேன், ஒரு பஸ் சுற்றி வந்தது. ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து, "என்ன பெரியவரே, காலங்காத்தால?" என்றான். வாயில் வந்ததைச் சொன்னேன்: "பூங்காத் துறை!" அவன் போய்விடுவான் என்று பார்த்தால் பஸ்ஸை நிறுத்தினான். "அப்பாடா! ஒரு வழியா ஆள் அனுப்பிட்டாங்களா? டிப்போ வாசல்ல ஒரு புதர் ரெண்டு வருஷமா கண்ணாடியைக் கீறுது, அதையும் வெட்டிட்டுப் போங்க." போய் வெட்டினேன் மச்சான். வேறென்ன செய்ய? சமையலறைக் கத்தரிக்கோலால் ஒரு முள்புதரை முக்கால் மணி நேரம். பயணிகள் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பையை ஹில்ட்ரூடிடம் கொடுத்து, "இதைப் பொரி, வாயைத் திறக்காதே," என்றேன். அவள் பைக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ம்" என்றாள். அவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். நான் குளித்து, டை கட்டி, தோட்டத்துக் குடிசை முன்னால் மேஜை போட்டு, இணைப்பு ஏழையும் வரிசையாக அடுக்கினேன். ஹாரிமன் குடிசைக்குப் பின்னால் தெற்குச் சுவரோரம் இருக்கிறது. அந்தப் பக்கம் யார் கண்ணும் போகக் கூடாதென்று நானும் எட்டிப் பார்க்கவில்லை. பதினொன்றுக்கு ஐவரும் வந்தார்கள். ஹில்ட்ரூட் மாவில் தோய்த்துப் பொன்னிறமாகப் பொரித்து, மேலே உப்புத் தூவிக் கொண்டுவந்தாள். க்ரும்பீகல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடித்தார், கண்ணை மூடினார். "கடுகு இருக்கா?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "இன்னொண்ணு இருக்கா?" என்றார். பெட்ஸோல்ட் அம்மா மூன்றாவதை மென்றுகொண்டே, "அஸ்பரகஸ் மாதிரியும் இருக்கு, அது மாதிரி இல்லாமலும் இருக்கு, அப்படியே எழுதிடறேன்," என்றாள். நானும் என் மூன்றையும் தின்றேன். நன்றாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பொருளாளர் ஓட்டெடுப்புக்கு முன்பே ஆறு தின்றுவிட்டதால் நடுநிலை தவறிவிட்டதாகத் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார், மற்ற நால்வரும் கை தூக்கினார்கள். அன்று பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு யுக்கா காய்கறியாயிற்று.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது க்ரும்பீகல், "விளைச்சலைப் பார்க்கலாமே," என்று சொல்லிக்கொண்டே குடிசையைச் சுற்றிப் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால், மச்சான், என் ஹாரிமன் தண்டு கீழ்ப்பாதி முழுவதும் மொட்டையாக நிற்கிறது! உச்சியில் பதினொன்று மட்டும் தொங்குகிறது. "பிரமாதமா அறுத்திருக்கீங்க சார், கீழேயிருந்து மேலே, ஒழுங்கா," என்று முதுகில் தட்டினார். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

என்ன நடந்ததென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. உன்னிடம் மகரந்தம் கேட்க மனம் வராமல், அந்தச் செடியின் மகரந்தத்தையே அதன் பூவில் தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பல்குச்சியால் வைத்துக்கொண்டிருந்தேன். தன் மகரந்தம் தனக்கு ஒட்டாது, வேறு செடியிலிருந்து வர வேண்டும் என்று நீ நூறு தரம் சொல்லியிருக்கிறாய். ஒட்டவில்லை, அத்தனையும் ஒரே நாளில் உதிர்ந்துவிட்டது. அன்று முப்பத்துநாலு டிகிரி வெயில் வேறு. சரளைமேல் ஒரு இதழ்கூடக் கிடக்கவில்லை, ஹில்ட்ரூட் கூட்டியிருப்பாள். சரளையைக்கூடக் கூட்டுகிற பெண்பிள்ளை அவள்.

திங்கட்கிழமை அடுத்த கடிதம் வந்தது. யுக்கா இப்போது காய்கறி ஆகிவிட்டபடியால், விளைந்த காய்கறியை அறுக்காமல் செடியிலேயே வீணாக விடுவது விதிமீறல். எஞ்சிய பதினொன்றையும் ஜூலை 18-க்குள் அறுவடை செய்யவும். என் வாதம் எனக்கே வந்து நிற்கிறது பார்த்தாயா! ஒன்பதாவது விதியில் ஒரே ஒரு வழி இருக்கிறது: விதைக்காக விடப்பட்ட காய்கறிக்கு விலக்கு உண்டு, ஆனால் கெடு முடிந்து அவர்கள் பார்வையிட வரும் நாளன்று காய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பதினொன்றில் ஒன்றாவது காய்க்க வேண்டுமானால் உன் செடியின் மகரந்தம் வர வேண்டும். அதே பொட்டலத்துப் பிள்ளை, அசல் ஹாரிமன், ஜெர்மனியில் வேறு எவனிடமும் கேட்டு வாங்கும் அவகாசம் இல்லை. பூக்கள் அடுத்த செவ்வாய்வரை தாங்கும். இதற்கிடையே சங்கத்தில் மூன்று பேர் பீன்ஸைப் பிடுங்கிவிட்டு யுக்கா வைக்கப் போகிறார்களாம், க்ரும்பீகல் தன் வாசலுக்கு ஒரு கன்று கேட்கிறார், கழுத்தை நெரித்தாலும் கொடுக்கமாட்டேன்.

ஆறாவது தாள் இதுதான். உன் அறுபதாவது பிறந்தநாளன்று உன் ஹாரிமன் முதல்தடவை பூத்திருந்தது. கேக் வெட்டிய கையோடு எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டினாய். நான் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து இலையை அளந்து, "இது ஹாரிமன் இல்லை, ரயில் கரையோரம் நூறு நூறாக வைக்கிற சாதா ஜாதி," என்று முப்பது பேர் முன்னால் சொன்னேன். நீ உள்ளே போனாய், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. ஹில்ட்ரூட் லைப்ஸிக்வரை ரயிலில் அழுதுகொண்டே வந்தாள். அது ஹாரிமன்தான், வின்ஃப்ரீட். பார்த்த கணமே எனக்குத் தெரியும். உனக்கு முதலில் பூத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது, வேறொன்றுமில்லை. உனக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் ஒரு வாழ்த்து அட்டை வாங்கினேன். அது இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது, எழுதக் கை வரவில்லை. தவறு என்னுடையது. மன்னித்துவிடு. மகரந்தத்தைப் பஞ்சில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவசரத் தபாலில் அனுப்பு.

உன் வீட்டுக்கார அம்மாவுக்கு என் வணக்கம், மருமகளுக்கு ஆசி, பூனை இன்னும் இருந்தால் அதற்கும். உன் யுக்காக்களுக்கு நனையாத குளிர்காலங்களும் நத்தை வராத வசந்தங்களும் நீண்ட காலம் வாய்க்கட்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அத்தான்
எகோன் ட்ரெக்ஸ்லர்
(உறுப்பினர் எண் 48, "அந்தி அமைதி")

பி.கு.: எட்டுத் தாளையும் மடிக்கும்போது உன் அக்கா வந்து, "குடு, எழுத்துப்பிழை பார்க்கிறேன்," என்று வாங்கிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள், சிரிப்பை நிறுத்தவே இல்லை. "அந்த ரவுண்டானாப் பூவை எவன் தின்பான் எகோன்? ஊர் நாயெல்லாம் அங்கதான் காலைத் தூக்குது. பையோட உரக்குழியில கொட்டிட்டேன். அன்னைக்குப் பொரிச்சது உன் செடிப் பூ," என்றாள். ஆகவே மேலே எழுதிய எதுவும் செல்லாது. பூ உதிரவே இல்லை. நான் செயற்குழுவை ஏமாற்றவும் இல்லை, அவர்கள் தின்றது அசல் ஹாரிமன், நானும் மூன்று தின்றேன். என் மகரந்தம் ஒட்டியதா இல்லையா என்பது இனி க்ரும்பீகல் வயிற்றுக்குத்தான் தெரியும்.

"அஞ்சு நாளா நான் தூங்காமக் கெடக்கறேன், ஏண்டி சொல்லலை?" என்று கத்தினேன். "ஆறு வருஷமா நான் தூங்காமக் கெடந்தேனே," என்றாள். "தம்பிக்கு ரெண்டு வரி எழுதுன்னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொன்னேன், அவனை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோன அன்னைக்கும் சொன்னேன். 'பார்க்கலாம்'னு சொன்ன. இப்ப இருபத்தாறு பூ போனதும் எட்டுத் தாள் எழுதிட்ட பாரு. முன்னாடியே பூத்திருந்தா முன்னாடியே பொரிச்சிருப்பேன், கெழவா."

பூவே உதிரவில்லை என்று ஆனபிறகு ஆறாவது தாளுக்கு அவசியம் இல்லையே என்று நான் பேனாவை எடுத்தேன். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். ஆகவே ஆறாவது தாள் ஒரு எழுத்தும் அடிக்காமல் அப்படியே இருக்கிறது. மகரந்தத்தைத் தபாலில் போட வேண்டாம், நேரில் கொண்டுவா. திங்கட்கிழமை காலை ரயிலுக்கு நான் ஸ்டேஷனில் நிற்பேன். நேரே தோட்டத்துக்குப் போய்விடலாம், மச்சான். பதினொரு பூ பாக்கி இருக்கிறது, அவள் இன்னும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.